கோழிக்குப் பழகிய குட்டி: மதுரைப் பக்கத்தில் எது தேறும், எது தேறாது

மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டி, பேரையூர் என்று மதுரையைச் சுற்றி நாட்டுக்கோழி வளர்க்கிற தோட்டம் எதுவானாலும் காவலுக்கு ஒரு நாய் தேடுவார்கள். விற்கிறவர்களும் அதைத் தெரிந்துகொண்டு, ‘இது கோழிக்குப் பழகின குட்டி, கண்ணை மூடிக்கிட்டு அவிழ்த்து விடலாம்’ என்று சொல்லித்தான் கையில் கொடுப்பார்கள். இரண்டு மாதக் குட்டி எதற்கும் பழகியிருக்காது. பெருவிடைச் சேவலுக்கு முன்னால் அது குட்டையாக நிற்கும். ஒரு கொத்து வாங்கினால் கத்திக்கொண்டு ஓடும். பார்க்கிறவருக்கு அது அடக்கமாகத் தெரியும். ஐந்தாறு மாதத்தில் உடம்பு வைத்ததும் அந்தப் பயம் போய்விடும். சேதாரம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும்.

ஆக, விற்பவரிடம் நாம் வாங்குவது மூன்றே விஷயம்: தாயின் குணம், முதல் எட்டு வாரம் குட்டி வளர்ந்த இடம், அந்த இனத்தின் ஓட்டவெறி எவ்வளவு என்பது. மீதி ஒன்றரை வருட வேலை வாங்கியவர் தலையில்தான். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கோழிகளோடு திரிகிற தாயிடம் பிறந்த நாட்டு நாய்க்குட்டிக்கு முதல் இடம். அடுத்து கோம்பை. ராஜபாளையம் ஆளைப் பொறுத்தது. சிப்பிப்பாறை, கன்னி இனங்கள் இந்த வேலைக்குக் கடைசி. நல்ல கம்பிவலை அடைப்பு போட மனசில்லை என்றால் எந்தக் குட்டியும் வேண்டாம்.

வாங்கப் போகும் நேரத்தில் பாதி விஷயம் இருக்கிறது. மத்தியானம் போனால் எல்லா நாயும் நிழலில் படுத்துக் கிடக்கும், எல்லாமே சாதுவாகத்தான் தெரியும். காலையில் கோழி திறந்துவிடுகிற நேரத்துக்குப் போங்கள். கோழியைக் கவிழ்த்து வைக்கிற பஞ்சாரக் கூடையைத் தூக்கியதும் உள்ளே நெருக்கியடித்துக் கிடந்த கோழிகள் சிறகடித்துக்கொண்டு நாலா பக்கமும் சிதறும். அந்த அரை நிமிடத்தில் கோழியைப் பார்க்காமல் தாய் நாயைப் பாருங்கள். தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்தால் நல்லது. எழுந்து நின்று வாலைத் தளர்வாக ஆட்டினால் அதுவும் பரவாயில்லை. திறந்திருந்த வாய் பட்டென்று மூடி, காது முன்னால் குவிந்து, கழுத்து நீண்டு, ஒரு முன்னங்கால் தரையை விட்டு எழும்பி உடம்பு அசையாமல் நின்றால் அந்த ஈற்றில் குட்டி எடுக்க வேண்டாம். வேட்டை ஓட்டத்தின் முதல் படி அது. முறைத்தல், பதுங்குதல், துரத்தல், கவ்வுதல், கொல்லுதல் என்று அந்த வரிசை போகும். முதல் படியிலேயே அப்படி இறுகி நிற்கிற நாயிடம் மற்றப் படிகள் வெளிவர அதிக நேரம் ஆகாது. தாய் நாயைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள், ‘கடிக்கும், கிட்டப் போகாதீங்க’ என்கிறார்கள் என்றால், அங்கே பார்க்க வேண்டியது அவ்வளவுதான்.

வயது எட்டு வாரத்துக்குக் குறையக் கூடாது. 2017-ஆம் ஆண்டு வந்த மத்திய அரசின் நாய் இனவிருத்தி விதிகளும் எட்டு வாரத்துக்கு முன் குட்டி விற்கக் கூடாது என்றே சொல்கின்றன. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கடி எவ்வளவு அழுத்தமானால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்பது தாயிடமும் கூடப் பிறந்தவற்றிடமும்தான். முப்பது நாளில் பிரித்துக் கொண்டுவந்த குட்டி விளையாட்டுக்கு வாய் வைத்தாலே கோழிக்குஞ்சின் விலா நொறுங்கும். இன்னொரு பக்கம், மூன்று முதல் பன்னிரண்டு வாரம் வரை கண்ணில் படுவதையெல்லாம் குட்டி ‘இது நம்ம வீட்டு ஆள்’ என்று எடுத்துக்கொள்கிற பருவம். எட்டு வாரத்தில் வாங்கினால் அதில் இன்னும் நாலு வாரம் நம் கையில் மிச்சம் இருக்கும். நாலு மாதக் குட்டி மலிவாக வருகிறது என்று வாங்கினால் அந்தக் கதவு சாத்தியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி இனங்கள். நாட்டு நாய் என்று இங்கே சொல்வது தோட்டத்து வீடுகளில் தலைமுறையாக ஆடு, கோழி, மாட்டுக்கு நடுவே கிடந்து பிழைத்த நாயை. கோழியைப் பிடித்த நாயை எந்தச் சம்சாரியும் வீட்டில் வைத்திருக்க மாட்டார். அப்படி வடிகட்டி வடிகட்டி நின்றதுதான் இன்றைக்கு இருப்பது. காசு இல்லாமலும் கிடைக்கும். குறை என்னவென்றால் தாய் தெரியும், தகப்பன் தெரியாது. ஒரே ஈற்றில் ஒன்று காவலுக்கு அருமையாக வரும், இன்னொன்று ஊர் சுற்றும். ஊர் ஊராக ஆடு மேய்க்கிற கீதாரிகள் மந்தையோடு கூட்டிப் போகிற நாய்களின் குட்டி கிடைத்தால் விடாதீர்கள். ராத்திரி விழிப்பும் மந்தையை விட்டு அகலாத குணமும் அவற்றுக்குக் கூடப் பிறந்தவை. ஆட்டுக்குப் பழகினது கோழிக்குத் தானாகப் பழகிவிடாது, அதைத் தனியாகத்தான் செய்ய வேண்டும்.

கோம்பை, தேனி மாவட்டத்தில் மேற்குமலை அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊரின் பெயரைத் தாங்கிய நாய். செம்மண் நிறம், கறுத்த முகவாய், கட்டான உடம்பு. ஓடுவதைவிட நின்று எதிர்க்கிற நாய் என்பதால் கோழித் தோட்டத்துக்குப் பொருந்தும். எல்லையை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். ஆனால் கை மாறி மாறி வளர்த்தால் ஆகாது. சோறு வைக்கிறவரும் பழக்குகிறவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். கோழி வாங்க வியாபாரி அடிக்கடி வந்துபோகிற இடமென்றால் வாசலுக்குத் தனிக் கதவு போடாமல் இதை வைத்திருக்க முடியாது. கோம்பை என்று சொல்லி விற்கிற செவலை நாயெல்லாம் கோம்பை இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

2005 ஜனவரியில் அஞ்சல் துறை நான்கு இந்திய நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. ராஜபாளையம் அதில் ஒன்று. கோழிக்கு அந்தத் தபால்தலை ஜாமீன் ஆகாது. காட்டுப்பன்றி வேட்டைக்குப் பேர் போன பெரிய உடம்புக்காரன். காலால் ஒரு தட்டுத் தட்டினாலே விடைக்கோழி தாங்காது. பால்வெள்ளை நிறத்தோடு சேர்ந்து காது கேளாமையும் இந்த இனத்தில் சில குட்டிகளுக்கு வரும். பின்னால் நின்று, குட்டி பார்க்காதபோது ஒரு தட்டைக் கீழே போடுங்கள். எல்லாக் குட்டியும் திரும்பி ஒன்று மட்டும் திரும்பாவிட்டால் அதை ஒதுக்குங்கள். தரை அதிர்வை உணர்ந்து திரும்புவதும் உண்டு, ஆகவே காற்றில் கைதட்டியும் பார்க்கவும். ‘விடு’ என்ற சொல் கேட்காத நாயைக் கோழிக்கு நடுவே வைப்பது வீண் வம்பு.

சிப்பிப்பாறையும் கன்னியும் அழகில், வேகத்தில், வெயில் தாங்குவதில் குறை சொல்ல இடமில்லாதவை. கண்ணால் பார்த்து விரட்டுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக முயலின் பின்னால் ஓட்டி உருவாக்கிய நாய்கள். சிறிய உருவம் ஒன்று திடீரென்று ஓடினால் அவற்றுக்கு யோசிக்க நேரமில்லை, கால் முந்திவிடும். நின்று மேய்கிற கோழியை வருடக்கணக்கில் தொடாத சிப்பிப்பாறை, வேறு நாய் துரத்தி அலறி ஓடுகிற கோழியை ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும். இதில் வளர்ப்பவர் குற்றமும் இல்லை, நாயின் குற்றமும் இல்லை. கோழி முழுக்க அடைப்புக்குள் இருந்து, நாய் வெளி வேலியைச் சுற்றுகிற அமைப்பு என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். ஆறடிக்குக் குறைந்த வேலி அதற்குப் போதாது. அவிழ்த்துவிட்டு மேய்கிற கோழியோடு வேண்டாம்.

லேப்ரடார் கோழியைக் கொல்ல நினைக்காது, ஆனால் வாயில் கவ்விக்கொண்டு வந்து உங்கள் காலடியில் வைக்கும். அதிர்ச்சியிலேயே கோழி செத்துப்போகும். முட்டையும் மிஞ்சாது. ஜெர்மன் ஷெப்பர்ட் கோழியைச் சுற்றிச் சுற்றி ஒதுக்கப் பார்க்கும், முட்டைக்கோழி முட்டையை நிறுத்தும். மதுரைச் சித்திரை வெயிலுக்கு இரண்டு இனத்தின் ரோமமும் பாடாய்ப் படுத்தும். வீடியோ பார்த்துவிட்டு மரெம்மா மாதிரி வெளிநாட்டுக் காவல் நாய் கேட்பவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வார்ணம்பூல் பக்கம் ஒரு சின்னத் தீவில் நரியிடமிருந்து பெங்குவின்களைக் காக்க 2006 முதல் அந்த நாய்களை விட்டார்கள், பலன் கிடைத்தது. அது குளிர்ந்த கடலோரம். அதுவும் பக்குவப்பட இரண்டு வருடம் எடுக்கிற இனம்.

குட்டியின் விலையைவிட வலைக்குக் கூடச் செலவாகும். அந்தச் செலவில்தான் எல்லோரும் கை வைப்பார்கள். கடையில் மூன்று வகை காட்டுவார்கள். அறுகோணக் கண் வைத்த கோழிவலை 22 கேஜ் அளவில் வருவது, கம்பி முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. மூன்று மாதக் குட்டி பல்லாலேயே பிரித்துவிடும். இரண்டு அங்குலக் கண் உள்ள செயின்லிங்க் நாய்க்குத் தாங்கும், குஞ்சு அதற்குள் புகுந்து நேரே குட்டியின் வாய்க்கே போகும். வாங்க வேண்டியது வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை: ஒரு அங்குலத்துக்கு ஒரு அங்குலக் கண், 14 கேஜ், அதாவது இரண்டு மில்லிமீட்டர் கம்பி. பொரித்த குஞ்சு ஒரு அங்குலத்திலும் நுழைந்துவிடும், ஆகவே அடியில் ஒரு அடி உயரத்துக்கு அரை அங்குல வலையைச் சேர்த்துக் கட்டவும். பச்சை பிளாஸ்டிக் பூசிய வலைக்குக் கூடக் கொடுக்க வேண்டாம். குட்டி அந்தப் பூச்சைக் கடித்துத் தின்னும், உரிந்த இடத்தில் துரு பிடிக்கும். சாதா ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) வலையில் முதலில் துரு ஏறுவது வெல்டு வைத்த முனைகளில். பற்ற வைத்த பிறகு துத்தநாகத்தில் முக்கி எடுத்த வலையா என்று கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள், அது கூடுதல் காலம் உழைக்கும்.

குட்டிக்குப் பத்தடிக்குப் பத்தடி அடைப்பு போதும். சுற்றளவு நாற்பதடி, ஐம்பதடி ரோல் எடுத்தால் கதவுக்கும் மூலைகளில் மடித்துக் கட்டவும் மீதி சரியாக இருக்கும். உயரம் ஐந்தடி. ஆறடிக்கு ஒரு கல்கால் அல்லது ஆங்கிள், கட்டுக்கம்பி ஒரு சாணுக்கு ஒரு முடிச்சு. அடியில் ஓரடி அகல வலையை உள்பக்கமாகப் படுக்கவைத்து மண் மூடிக் கல் பரப்பாவிட்டால் குட்டி ஒரே ராத்திரியில் தோண்டி வெளியே வந்துவிடும். திருமங்கலம், டி.கல்லுப்பட்டி, பேரையூர்க் கரிசலில் கோடையில் மண் வெடித்துக் கால்கள் ஆடும். அங்கே ஒன்றரை அடி பள்ளம் போதாது, இரண்டரை அடி எடுத்துக் காங்கிரீட் போடுவதே நல்லது. மேலூர்ச் செம்மண்ணில் அந்தத் தொல்லை குறைவு. அடைப்பில் பாதி இடத்துக்குக் கீற்று வேயவும். தகரம் போட்டால் மே மாதத்தில் குட்டி உள்ளே வெந்துவிடும்.

இந்த அடைப்பு கோழி திரிகிற இடத்துக்கு நடுவே வர வேண்டும். காலை முதல் சாயந்திரம் வரை கோழி கொத்துவதும் கிளறுவதும் மண் குளிப்பதும் கண்முன்னால் நடந்து நடந்து குட்டிக்கு அலுத்துப்போக வேண்டும். அலுப்புதான் இங்கே ஆசிரியர். அதேசமயம் வலையை ஒட்டித் தீவனம் வீசாதீர்கள். கோழி ஓட, குட்டி வலையோரமாகக் கூடவே ஓட, துரத்தலுக்கு நாமே தினமும் ஒத்திகை வைத்த மாதிரி ஆகும். பத்தடி தள்ளி வீசுங்கள். அப்படியும் ஓடினால் அடியிலிருந்து இரண்டடிக்குப் பச்சை நிழல்வலை கட்டி ஒரு வாரம் மறைத்து, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்கவும்.

வெளியே எடுக்கும்போது கழுத்துப் பட்டை வேண்டாம், மார்போடு சேர்த்துப் போடுகிற பாடி பெல்ட்டும் எட்டு மில்லிமீட்டர் நைலான் கயிறு பதினைந்தடியும் வாங்குங்கள். கழுத்துப் பட்டையில் பாய்ந்து சுண்டினால் குட்டியின் தொண்டை போகும். சங்கிலி சத்தம் போட்டுக் கோழியைக் கலைக்கும், அதனால் அதுவும் வேண்டாம். காலை ஒரு தரம், சாயந்திரம் ஒரு தரம், ஒவ்வொன்றும் பத்து நிமிடம். குட்டி கோழியைப் பார்க்கிறது. இறுகுவதற்கு முன்னால் ‘விடு’ என்கிறீர்கள். உங்களைத் திரும்பிப் பார்த்த அதே நொடியில் வேகவைத்த ஈரல் துண்டு ஒன்று, சுண்டுவிரல் நக அளவு. இறுகி நின்ற பிறகு கூப்பிட்டால் காதில் விழாது. கயிற்றோடு பத்தடி பின்னால் கூட்டிப்போய் மறுபடி ஆரம்பியுங்கள். முதலில் நிற்கிற பெருங்கோழி, பிறகு நடக்கிற கோழி, பிறகு தீவனத்துக்கு ஓடிவருகிற கூட்டம், கடைசியாகத்தான் குஞ்சு. தாய்க்கோழி குஞ்சுகளோடு வரும்போது குட்டியைக் கயிற்றில்லாமல் விடுவது ஒரு வருடத்துக்குள் நினைக்கவே கூடாத விஷயம். கோழி குட்டியைக் கொத்த வந்தால் குட்டி பின்வாங்க இடம் இருக்க வேண்டும். மூலையில் மாட்டிக்கொண்டால் திருப்பிக் கடிக்கும்.

ஏழாவது மாதத்திலிருந்து பதினெட்டாவது மாதம் வரைதான் கண்டம். ‘இனிமேல் பழகிடுச்சு’ என்று அவிழ்த்துவிடுவது பெரும்பாலும் ஏழில். காலைக்குளிர்ச்சியிலும் அந்தி நேரத்திலும் வளர்ந்த குட்டிக்கு ஒரு கிறுக்கு பிடித்து வட்டமடித்து ஓடும். அந்த ஓட்டத்தில் குறுக்கே வந்த கோழி சாகும். பசியில் நடக்கிறதில்லை, ஆட்டம் முற்றி நடக்கிறது. அதனால் கோழி திறக்குமுன் அரைமணி நேரம் தோட்டத்துக்கு வெளியே ஓட்டி அலுக்கவைத்து உள்ளே கொண்டு வரவும். ஒரே ஈற்றில் இரண்டு குட்டி வாங்குவது இந்த வயதில்தான் வினையாக முடியும். தனியாகச் செய்யாததை இரண்டும் சேர்ந்தால் செய்யும்.

கோழியைப் பிடித்துவிட்டால் செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டித் தொங்கவிடுவது ஒரு பழைய வைத்தியம். செய்த காரியத்தையும் கழுத்தில் கிடக்கிற நாற்றத்தையும் நாய் சேர்த்துப் பார்க்காது. மதுரை வெயிலில் அன்று சாயந்திரமே அழுகி ஈ மொய்த்து, கழுத்தில் புண் வந்து, மறுநாள் ஆஸ்பத்திரிக்கு அலைவதுதான் மிச்சம். ஆன்லைனில் வருகிற ஷாக் பெல்ட்டுக்கும் மதிப்பெண் கிடையாது. அதிர்ச்சி வந்த நேரத்தில் எதைப் பார்த்ததோ அதன்மேல் பயமோ ஆத்திரமோ வரும். அது பக்கத்தில் நின்ற பிள்ளையாகவும் இருக்கலாம். வாய்க்கூடு போட்டு விடுவதும் அரைகுறைதான், துரத்தலும் காலால் மிதிப்பதும் அப்படியே நடக்கும்.

‘கோழிக்கறி போட்டால் கோழி பிடிக்கும்’ என்பதில் பாதிதான் உண்மை. எலும்பு நீக்கி வேகவைத்த கறியால் எந்தக் கெடுதலும் இல்லை. வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால்தான் அதைத் தவிர்க்க வேண்டும். அறுக்கிற இடத்தில் தலையையும் இறகையும் குடலையும் நாய்க்கு எறிவதுதான் பாடம் நடத்துகிற வேலை. நோயில் செத்த கோழியை எறிவது அதைவிட மோசம். இரண்டடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைத்து மேலே கல் வையுங்கள். உடைந்த முட்டையையும் அன்றன்றே எடுத்துவிடுங்கள்.

பிராய்லர் தீவன மூட்டையை நாய் எட்டாத இடத்தில் வைக்கவும். ரத்தக்கழிச்சலைத் தடுக்க அதில் சேர்க்கிற மோனென்சின், சாலினோமைசின் போன்ற மருந்துகள் நாய்க்கு விஷம், பின்னங்கால் விழுந்துபோகும். எலி மருந்தும் நாய்க்கு விஷம்தான். கோழியின் கொண்டையிலும் கண்ணோரத்திலும் ஒட்டிக்கொண்டு விடாத கறுப்புத் தெள்ளு நாயின் காதோரத்துக்கும் வரும், இரண்டுக்கும் சேர்த்து மருந்து பார்க்காவிட்டால் தீராது. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நாலு வார இடைவெளியில் பதினாறு வாரம் வரை. மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. குடற்புழு மருந்து மூன்று மாதம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒரு தரம். விற்பவர் தருகிற அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதா, டாக்டரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பேனாவால் தேதி மட்டும் எழுதியிருந்தால் ஊசி போடாத கணக்குதான்.

இவ்வளவுக்கும் பிறகு நாய் என்ன செய்து தரும்? தெருநாய், நரி, பகலில் வருகிற கீரி, வழிப்போக்கர் கை இவற்றை நல்ல நாய் தடுக்கும். கூரை வழியாக இறங்குகிற மரநாயை நாய் குரைத்து எழுப்பிவிடும், பிடிக்காது. பருந்துக்கும் குஞ்சுக்கு வருகிற சாரைப்பாம்புக்கும் நாயை நம்பாதீர்கள். அங்கே வேலை செய்வது மேல்வலையும் அரை அங்குலக் கண்ணும்தான். ராத்திரி கோழி கூட்டுக்குள், நாய் வெளியே. எவ்வளவு பழகியிருந்தாலும் இதில் மாற்றமில்லை.

விற்பவரிடம் கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: ‘பத்து மாசத்துல கோழிக்கு ஒத்து வரலைன்னா திரும்ப எடுத்துக்குவீங்களா?’ காசு திரும்பி வராவிட்டாலும் நாயை எடுத்துக்கொள்கிறேன் என்பவரிடம் வாங்குவது நல்லது. தன் தாய் நாயின் குணம் அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படிப்பட்டவர் கிடைக்கவில்லையென்றால் கோழி இல்லாத மாந்தோப்பு, செங்கல் சூளை, கட்டடக் காவல் என்று ஒரு மாற்று இடத்தை முன்கூட்டியே பேசி வைக்கவும். நாலு வழிச்சாலையில் இறக்கிவிட்டு வருவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அந்த நாய் பசியோடு நேரே போய் நிற்கப்போவதும் பக்கத்துத் தோட்டத்துக் கோழிக்கூட்டின் முன்னால்தான்.